சூசன் வீட்டுச் சம்பந்திகள்

தேக்காவில் காய்கறி, கேம்பல் லேனில் பூ என்று அலைகிற நமக்கெல்லாம் பக்கத்தில் டல்ஹவுசி லேன் என்று ஒரு சந்து இருப்பது தெரியும். டல்ஹவுசி யார் என்று கேட்டால் "யாரோ வெள்ளைக்காரன்" என்போம். தப்பில்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரரைவிட அவர் வீட்டம்மா சூசனின் கதைதான் ருசியானது. அவருக்குத்தான் ஒரு சந்துகூடக் கிடைக்கவில்லை!

1850 பிப்ரவரியில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு, மனைவியோடு கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அப்போது சிங்கப்பூருக்கு ஹெட் ஆபீஸ் கல்கத்தா. எம்.டி.யே நேரில் வந்தால் பிராஞ்ச் ஆபீஸ் என்ன பாடுபடும்? வந்தவர் "வியாபாரத்துக்குத் தடையே இருக்கக் கூடாது" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். வியாபாரிகள் விவரமானவர்கள். பெரிய மனிதர்களின் வாக்கைக் காற்றில் விடக் கூடாது என்று கல்லிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கல்தூண் இன்றும் எம்ப்ரஸ் பிளேஸில் நிற்கிறது. வரைந்து கொடுத்தவர் அரசாங்க சர்வேயர் ஜான் டர்ன்புல் தாம்சன். ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ் என்று நான்கு வகை எழுத்தில் பிரபுவின் புகழ் பாடுகிறது. கூடவே வந்து வெயிலில் வெந்த அம்மாவுக்கு ஒரு மொழியிலும் ஒரு வரி கிடையாது.

ஆனால் அந்த அம்மா லேசுப்பட்டவரா? அவருடைய கொள்ளுப்பாட்டி ஜேன், கோர்டன் வம்சத்துப் பிரபுவின் மனைவி. சின்ன வயதில் எடின்பரோ கடைத்தெருவில் பன்றி மேல் ஏறிச் சவாரி செய்த மகராசி. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்றதும், உதட்டில் ஒரு ஷில்லிங் காசைக் கவ்விக்கொண்டு சந்தை சந்தையாகப் போனாராம். சேருகிற பையன் காசை உதட்டாலேயே எடுத்துக்கொள்ளலாம்! இன்றைக்கு எந்த எச்.ஆர். டிபார்ட்மெண்டாவது இதை யோசிக்குமா? யோசித்தால் மறுநாள் கோர்ட்டில்தான் நிற்கும்.

ஜேனின் உண்மையான திறமை கல்யாணத் தரகில் இருந்தது. ஐந்து பெண்களில் மூவரை மூன்று டியூக்குகளிடம் தள்ளிவிட்டார். லூயிசா என்ற பெண்ணுக்கு, இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் ஒரே மகனைப் பிடித்தார். பையன் வீட்டில் ஒரு சின்னத் தயக்கம்: கோர்டன் வம்சத்தில் கொஞ்சம் கிறுக்கு ஓடுகிறது என்கிறார்களே? "பயப்படாதீர்கள், இவள் உடம்பில் கோர்டன் ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது" என்று பெண்ணைப் பெற்றவளே சத்தியம் செய்தாளாம். யோசித்துப் பாருங்கள். கல்யாணம் நின்றிருக்க வேண்டும், நடந்துவிட்டது.

இன்னொரு பெண்ணின் பெயர் சூசன். அவள் மகள் சூசன். அந்த மகளுக்குப் பிறந்தவர்தான் 1850-ல் சிங்கப்பூர் வந்த நம் சூசன். அவருடைய மூத்த மகள் பெயரும், நீங்கள் நினைப்பது சரி, சூசன். நான்கு தலைமுறையாக ஒரே பெயர்! "சூசன், சாப்பிட வா" என்று கூப்பிட்டால் யார் யார் வந்து உட்கார்ந்தார்களோ.

நம் சூசனின் தங்கை எலிசபெத், வெலிங்டன் பிரபுவின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டார். நெப்போலியனைக் கவிழ்த்த அதே வெலிங்டன்தான். இப்போது கணக்குப் போடுங்கள். 1792-ல் திப்பு சுல்தானிடம் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கியவர் கார்ன்வாலிஸ். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கர்னலாக இருந்து ஊரைக் கையில் எடுத்துக்கொண்டவர், பின்னாளில் வெலிங்டன் ஆன ஆர்தர் வெல்லெஸ்லி. பாவம் திப்பு, கிழக்கிந்தியக் கும்பினியோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அடித்தவர்கள் ஒரே வீட்டுச் சம்பந்திகள்!

சூசனின் அப்பா ட்வீடேல் பிரபு 1842 முதல் மெட்ராஸ் கவர்னர். வயலில் நீர் வடிக்கும் ஓடு செய்ய மெஷின் கண்டுபிடித்த விவசாயப் பைத்தியம். 1848 ஜனவரியில் மருமகன் டல்ஹவுசி முப்பத்தைந்து வயதில் கல்கத்தாவில் பதவியேற்றார். மாமனாருக்கு மருமகனே மேலதிகாரி! நம் ஊரில் மாப்பிள்ளை முறுக்கு தலை தீபாவளியோடு ஓய்ந்துவிடும். இங்கே மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு ஆர்டரே அனுப்பலாம். அடுத்த மாதமே மாமனார் பதவியை விட்டு இறங்கினார். பதவிக்காலம் முடிந்தது என்கிறது சரித்திரம். சரி, அப்படியே இருக்கட்டும்.

இந்த மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பிடிவாதம். சுதேச ராஜா ஆண் வாரிசு இல்லாமல் செத்தால் ராஜ்யம் கும்பினிக்கு. தத்து எடுத்திருந்தாலும் செல்லாது. சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று வரிசையாக விழுங்கினார். 1855-ல் தஞ்சாவூர் சிவாஜி ராஜா மகன் இல்லாமல் இறந்தபோது, "இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார்கள். பெண்ணெல்லாம் வாரிசாகாது என்று சொல்லிவிட்டது சர்க்கார்.

அப்போது டல்ஹவுசி பிரபுவின் வீட்டில் எத்தனை பிள்ளைகள்? இரண்டு. இரண்டும் பெண்.

சூசன் இதைப் பார்க்க இல்லை. இந்தியா உடம்புக்கு ஆகாமல் 1853-ல் ஊருக்குக் கப்பலேறியவர் வழியிலேயே இறந்துபோனார். பிரபு 1860-ல் கண்ணை மூடினார். பஞ்சாபைப் பிடித்ததற்காக ராணி கொடுத்த மார்க்விஸ் பட்டம், மகன் இல்லாததால் அவரோடேயே காலாவதி ஆனது. மிச்சமிருந்த பழைய பட்டம் ஒரு சித்தப்பா பெரியப்பா வகை உறவுக்குப் போயிற்று. தஞ்சாவூர் ராணிகள் இதைக் கேள்விப்பட்டு ஒரு வாய் வெற்றிலை கூடுதலாகப் போட்டிருந்தால் அது நியாயம்தான்.

நான்காவது சூசன் கட்டிக்கொண்டது ராபர்ட் பர்க் என்பவரை. அவருடைய அண்ணன்தான், அந்தமானில் கத்திக்குத்துப்பட்டு இறந்த வைஸ்ராய் மேயோ பிரபு. நம் லிட்டில் இந்தியாவில் மேயோ ஸ்ட்ரீட்டும் உண்டு. டல்ஹவுசி லேனுக்குக் கூப்பிடு தூரம். சம்பந்திகள் செத்தும் பக்கத்துப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டார்கள்!

பர்க், 1886-ல் மெட்ராஸ் கவர்னராக வந்து, கன்னிமாரா பிரபு ஆனார். ஆம், சென்னையில் நாம் பரீட்சைக்குப் படித்த அதே கன்னிமாரா. 1890 மார்ச்சில் கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். நவம்பரில் சூசன் லண்டன் கோர்ட்டில், கணவர் ஒழுக்கம் தவறியவர் என்று நிரூபித்து விவாகரத்து வாங்கினார். தாத்தா ஆண்ட அதே மெட்ராஸ், பேத்தி குடும்பத்துக் கதையைக் காபியோடு சேர்த்து உறிஞ்சியது. பிரபு அந்த வருஷக் கடைசியில் பதவியை விட்டுக் கிளம்பினார்.

சூசன் 1894-ல், ஐம்பத்தேழாவது வயதில், பிரிக்ஸ் என்ற டாக்டரை மறுமணம் செய்துகொண்டார். சூசன்களைக் கட்டிய மாப்பிள்ளைகளில் இவர் ஒருவருக்கு மட்டும் யாரும் கவர்னர் வேலை தரவில்லை.