துள்ளுமாரி

கேள்வி: ராத்திரி துள்ளி விளையாடிய கொழுத்த ஆட்டுக்குட்டி, விடிந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் பாட்டி. நிஜமா?
- ஒரு வாசகர், தொம்மலூர்

பதில்: கண்ணை விடுங்கள், வாயைக் கவனியுங்கள். முந்தின நாள் கல்யாண வீட்டு மிச்சச் சோறோ, மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லோ வயிறு முட்டத் தின்றதா? அப்படியென்றால் துள்ளுமாரியாக இருக்கலாம். ‘கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்’ என்ற கிருமி நல்ல ஆட்டின் குடலிலேயே சாதுவாகக் குடியிருக்கும். மாவுச்சத்து திடீரென்று வந்து குவிந்தால் கும்பலாகப் பெருகி நஞ்சைக் கக்கும். அது ரத்தத்தில் ஏறி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆடு துள்ளி விழுவதால்தான் இந்தப் பெயர். நோஞ்சான் பிழைத்துக்கொள்ளும், மந்தையிலேயே நன்றாகத் தின்கிற செல்லக்குட்டிதான் முதலில் போகும். என்னால் தாங்க முடியாத விஷயம் அது.

வைத்தியரைக் கூப்பிடுவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள்; முதல் முறையென்றால் சில வாரங்களில் இன்னொன்று. வெள்ளாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் குறையும், அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூரம் போக வேண்டாம்: உங்கள் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கும் கால்நடை உயிரியல் மருந்து நிறுவனமே இந்த ஊசியைத் தயாரிக்கிறது; எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் ராணிப்பேட்டையில் தயாராகிறது. பாட்டி திருஷ்டி சுற்றட்டும், ஊசி போட்ட பிறகு!