அல்வாவுக்கு வேண்டாம், அணு உலைக்கு வேண்டும்

கேள்வி: என் மகள் மக்கள் தொடர்புத் துறை வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். நல்ல சரக்குக்குப் பரிந்து பேச ஆள் எதற்கு? இருட்டுக்கடை அல்வாவுக்குத் தினமும் கூட்டம் நிற்கவில்லையா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நிற்கிறது. அல்வாவை வாயில் போட்டதும் உண்மை தெரிந்துவிடும். அணு உலையை அப்படி ருசி பார்க்க முடியாதே! கூடங்குளம் அணு உலை ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. எதிர்ப்பும் அப்போதே கிளம்பியது. ஆனால் மக்களின் அச்சத்துக்கு விளக்கம் தர மத்திய அரசு வல்லுநர் குழுவை அமைத்தது 2011-இல்தான். அதற்குள் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் போராட்டம் மூண்டிருந்தது. பயம் முற்றிய பிறகு சொல்லும் விளக்கம் சமாளிப்பாகவே காதில் விழும். 'பேசினால் உலை பாதுகாப்பாகிவிடுமா?' என்று கேட்கலாம். ஆகாது. முன்பே பேசியிருந்தால் எல்லோரும் சம்மதித்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால், 'உலையின் வெந்நீர் கடலில் கலந்தால் மீன் என்னாகும்?' என்ற மீனவரின் கேள்வியை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோய், பதிலை வாங்கி வருவதுதான் மக்கள் தொடர்பு வேலையின் முதல் பாதி. பதில் இல்லையென்றால் அதை மேலதிகாரியிடம் துணிந்து சொல்வது மறுபாதி.

'முதலாளிக்காகப் பொய் சொல்லும் தொழில்' என்பார்கள். பொய் சொல்பவருக்கு இதில் ஆயுள் குறைவு. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்ததுபோல ஒரு நாள் வரும். அன்று 'கரையை விட்டு வெளியேறுங்கள்' என்ற அறிவிப்பை ஊர் நம்பினால்தான் உயிர் பிழைக்கும். அந்த நம்பிக்கையை வெள்ளத்தன்று சம்பாதிக்க முடியாது. மகளைத் தைரியமாக அனுப்புங்கள்; பேசுவதற்கு முன் கேட்கப் பழகச் சொல்லுங்கள்.