என்ஜினில் வெண்ணெய் எடுத்த அண்ணன்

பெங்களூரு ஆஸ்டின் டவுனுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாய்த்தது இந்தப் பேட்டை செய்த புண்ணியம். நந்தன் மைதானத்தில் பந்து உதைத்துப் பெயர் வாங்கியவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது, கால் இருந்தால் யாரும் உதைக்கலாம். இரண்டே கதவு, இரண்டே சீட், எலுமிச்சை மஞ்சள், ஜெர்மன் கம்பெனி. இப்படி ஒரு வண்டியை, எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டிய எங்கள் குறுக்குத் தெருவில் கொண்டுவந்து நிறுத்த ஒரு மகானால்தான் முடியும். அரசுக் கணக்கில் எங்கள் பேட்டைக்கு எஃப். கிட்டல் நகர் என்று பெயர். 1894-ல் கன்னட அகராதி வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் அவர். பாதிரியார் அகராதிக்காகப் பல்லாண்டு உழைத்தார். காருக்குச் சொந்தக்காரரான எங்கள் அண்ணன் என்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுக்கவே ஆறு மாதம் உழைத்தார்.

அந்த ஆறு மாதமும் டீக்கடையில் வேறு பேச்சில்லை. காரோடு வந்த புத்தகத்தில் 0W-40 என்று போட்டிருந்தது. கூடவே, அந்தக் கம்பெனி சோதித்து ஒப்புதல் தந்த ஆயில்களுக்கான குறியீடும் இருந்தது. சாமானியன் என்றால் என்ன செய்வான்? அந்தக் குறியீடு அச்சடித்த டப்பாவாகப் பார்த்து வாங்கி ஊற்றிவிட்டு மறந்துபோவான். ஆராய்ச்சி மனப்பான்மை இல்லாதவர்களின் கதி அது. அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “40 பெருசா, 60 பெருசா?” டீக்கடையே வாயடைத்துப் போனது. 2000-களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்3-க்கு 10W-60 ஊற்றினார்கள் என்பதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்திருந்தார். அந்த என்ஜினின் பேரிங்குகளை வைத்து, அந்த என்ஜினுக்காக, அதைச் செய்தவர்கள் சொன்ன கணக்கு அது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டை வாங்கி நம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அண்ணனுக்கு வந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. W-வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரைப் பற்றியது. 0W என்றால் மைனஸ் 35 டிகிரியிலும், 10W என்றால் மைனஸ் 25-லும் என்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு ஆயில் இளகலாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பெங்களூரு வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பம் 1884 ஜனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரி. ஆகவே முன் எண் எதுவானாலும் ஆஸ்டின் டவுன் உறைந்துபோகாது. பின் எண்தான் விஷயம். 100 டிகிரி சூட்டில் 40 கிரேடின் கெட்டித்தன்மை 12.5-லிருந்து 16.3 வரை, 60 கிரேடுக்கு 21.9-லிருந்து 26.1 வரை. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆறிக் கிடக்கும் என்ஜினில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகமாவதோ ஸ்டார்ட் செய்து என்ஜின் சூடேறும் வரையில்தான். இதெல்லாம் அவசரக்காரர்களின் கவலை. நிதானமே அழகு என்று வாழும் அண்ணனுக்கு நிதானமாக ஏறும் ஆயில்தானே பொருத்தம்?

நிதானம் என்று சும்மா சொல்லவில்லை. 2022-ல் டாம்டாம் நிறுவனம் எடுத்த கணக்குப்படி பெங்களூருவின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 நொடி ஆனது. உலகத்தில் லண்டன் மட்டும்தான் நம்மை மிஞ்சியது. மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சொச்சமும் வியாழக்கிழமைகளில் கிடையாது. விவேக்நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு வரும் கூட்டம் சாலையை எடுத்துக்கொள்ளும். ரேஸ் டிராக்கில் மணிக்கு 250-ல் பறக்கும் வண்டிக்கு உரிய ஆயிலை ஊற்றிக்கொண்டு, பிரிகேட் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு ஊர்ந்து திரும்புகிறாரே, இந்த அடக்கம் யாருக்கு வரும்?

அண்ணனுக்கு முன்னோர்களும் உண்டு. நூறு வருடத்துக்கு முன் ரேஸ் கார்களிலும் முதல் உலகப் போர் விமானங்களிலும் ஊற்றியது நம் விளக்கெண்ணெயைத்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அதன் புகையைச் சுவாசித்து விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பார்கள். அண்ணன் வாய் திறந்து ஆயில் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எங்கள் தெருவுக்கு அதே பலன் கிடைக்கிறது.

தேர்வில் இவ்வளவு கரிசனம் காட்டியவர் மாற்றுவதில் எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் அவர் துறவி. புத்தகத்தில் ‘15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதியிருக்கிறது. நீளமான வாக்கியம். அண்ணன் வளவளப்பை விரும்பாதவர். ‘அல்லது’ வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். வண்டி ஓடுவது வருடத்துக்கு 900 கிலோமீட்டர். காலண்டருக்கும் மீட்டருக்கும் நடக்கும் பந்தயத்தில் அவர் எப்போதும் மீட்டர் கட்சி. எங்கள் பக்கத்து ஈஜிபுரா மேம்பாலத்தை 2017-ல் தொடங்கி 2019-ல் முடிப்பதாகச் சொன்னவர்களும் இப்படித்தான் காலண்டரைப் பொருட்படுத்தாத பெருந்தன்மைக்காரர்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள்.

ஓடாவிட்டாலும் வண்டியை அவர் கைவிட்டதில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உறையைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிடுவார். முதல் பூசைக்குப் போகிறவர்களுக்கு மணி அடிக்கத் தேவையில்லை. கைக்குழந்தைகள் எழுந்துகொள்ளும், ஜன்னல்கள் அதிரும், தெரு நாய்கள் கூடவே பாடும். பேட்டரிக்கு நல்லது என்பது அவர் வாதம். என்ஜினுக்கு என்ன ஆகிறது என்று சொன்னால் அவர் மனம் நோகும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தண்ணீர் முள் சீக்கிரம் 90-ஐத் தொட்டுவிடும். ஆயில் அத்தனை சீக்கிரம் சூடேறாது. அதற்கு நன்றாக இருபது நிமிடம் ரோட்டில் ஓட வேண்டும். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். சூடேறாத என்ஜினில் அது ஆவியாக வெளியேறாமல் தண்ணீராக ஆயிலோடு கலக்கும். எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அதிலேயே இறங்கும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இந்தக் காலத்தில் தண்ணீருக்குத் துணையும் கிடைத்துவிட்டது. அமிலத்தை முறிக்க ஆயிலில் போட்டிருக்கும் மருந்து இதில் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடும் என்ஜினை 40, 50 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கில் வை என்று லாரிக்காரர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் அண்ணன் வீட்டு வாசலிலேயே வருடத்துக்கு 700 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். பெட்ரோல் செலவு செய்து எங்கும் போகாமல் இருப்பது யோகநிலை அல்லவா?

அந்தத் தவத்துக்குப் பலன் கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பிரேக் பார்க்க வந்த மெக்கானிக் பையன் போகிற போக்கில் ஆயில் மூடியைத் திருகித் திறந்தான். மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, விரலால் வழிக்கும் அளவுக்குத் திரண்டிருந்தது. வழித்துக் காட்டினான்.

“அண்ணா, இதப் பாருங்க. கூலன்ட் குறையல, கேஸ்கெட் போகல. இது ஓட்டாம ஓட்டாம சேந்த தண்ணி. ஆயில மாத்திட்டு மாசத்துக்கு ரெண்டு வாட்டி ஓசூர் வரைக்கும் விட்டுட்டு வாங்கண்ணா.”

“டேய், ஓடினாத்தானடா ஆயில் கெடும்? நம்ம வண்டி எங்கடா ஓடிச்சு?”

பையன் விரலைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு மூடியைப் போட்டான். ஆயர்பாடியில் வெண்ணெய் திருடினவன் கண்ணன். ஆஸ்டின் டவுனில் என்ஜினிலேயே வெண்ணெய் எடுத்தவர் எங்கள் அண்ணன்.

தொண்டைமானிடம் தூது போன அவ்வைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றுக் கதை. மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு மினுமினுத்த வேல்களைப் பார்த்து அவ்வை வாயாரப் புகழ்ந்தாள். எங்கள் அதியமானின் வேல்கள்தான் பாவம், குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அந்தக் கிழவி இன்று எங்கள் தெருவுக்கு வந்தால் மஞ்சள் வண்டியைச் சுற்றி வந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாள். நெய்யாவது ஓலைச்சுவடிக் காலத்துச் சரக்கு. இதற்குப் பூசியிருப்பது வெளிநாட்டு சிந்தெடிக்.

அதியமான் கட்சிக்கும் எங்கள் தெருவில் ஆள் உண்டு. எதிர்வீட்டு ஆட்டோக்காரர், ரசனையே இல்லாத மனிதர். தினம் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறார். கம்பெனி சொன்ன கிரேடை மட்டுமே ஊற்றுவார். 5,000 தாண்டுவதற்குள் கறுத்த ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு போடுவார். ஆயில் மாற்றிய தேதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார். நாள் முழுக்கச் சூடாக ஓடும் அந்த என்ஜினில் தண்ணீர் தங்க வழியில்லை, ஆகையால் வெண்ணெய் எடுக்கும் பாக்கியமும் இல்லை. வண்டிக்கு ஒரு உறைகூடக் கிடையாது.

அண்ணனின் ஈகையைச் சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது. நான்கு வருடத்துக்கு முன் அந்த ஒரே ஆயில் சேஞ்ச் அவர் வீட்டு வாசலில் நடந்தபோது, வடித்த எட்டு லிட்டர் பழைய ஆயிலையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தெருவோரச் சாக்கடைக்கு வார்த்துவிட்டார். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கோரமங்களா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்து எரிந்தது. அப்போது அண்ணன் கார் வாங்கியிருக்கவில்லை. செய்யாததற்குப் பெருமை கொடுக்க நான் முகஸ்துதிக்காரன் அல்ல. பழைய ஆயில் அபாயக் கழிவு, அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்க வழி செய்வது தயாரிப்பாளர்கள் பொறுப்பு என்று 2024 ஏப்ரல் முதல் விதி வந்திருக்கிறது. வள்ளல்களைக் கட்டிப்போட அரசாங்கத்துக்கு எத்தனை ஆசை பாருங்கள். காலி டப்பாக்களை நசுக்காமல், ஸ்டிக்கர் கிழியாமல், மூடியோடு பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரரிடம் கொடுத்தார். அதில் கள்ள ஆயில் நிரப்பி விற்கிற ஏழை வியாபாரிகளும் பிழைக்க வேண்டாமா?

இந்த மாதத்தோடு அந்த 10W-60-க்கு நான்கு வயது நிறைகிறது. ஓடியது 3,600 கிலோமீட்டர், பாக்கி 11,400. இதே வேகத்தில் போனால் அடுத்த ஆயில் சேஞ்ச் இன்னும் பன்னிரண்டு வருடம் எட்டு மாதத்தில் நடக்கும். அன்று வாசகர்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுமென்று தெருவாசிகள் சார்பில் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.