மோர் பெட்டரா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் ‘மோர் பெட்டர்’ என்று எழுதியதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்களே, நியாயமா?
– ஒரு வாசகர், அறந்தாங்கி.

பதில்: சித்திரை வெயிலில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நிற்பவரைக் கேளுங்கள், காபியைவிட மோர்தான் பெட்டர் என்பார். பரீட்சைத் தாளில் அது செல்லாது. ‘பெட்டர்’ என்பதே ஒப்பீடு. அதற்கு முன்னால் இன்னொரு ‘மோர்’ எதற்கு? ‘டால்’ மாதிரி குட்டிச் சொல்லுக்குப் பின்னால் ‘அர்’ சேர்த்து ‘டாலர்’. ‘பியூட்டிஃபுல்’ மாதிரி நீளச் சொல்லுக்குத்தான் முன்னால் ‘மோர்’. எல்லாவற்றையும்விட என்று சொல்ல, குட்டிச் சொல்லுக்கு ‘எஸ்ட்’, நீளச் சொல்லுக்கு ‘மோஸ்ட்’. ஆவுடையார்கோயிலின் வளைந்த கல் கூரையான கொடுங்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு ‘மோஸ்ட் பியூட்டிஃபுல்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஷேக்ஸ்பியர் மட்டும், ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனியை ஒரே சொல்லுக்கு ‘மோஸ்ட்’, ‘எஸ்ட்’ இரண்டையும் போட்டுப் பேசவைத்தார். அந்தக் காலத்தில் அது வழக்கம். தவிர, அவர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவில்லை.