நம்ம பார்ட்டி

பெயின்ட் வாசனைகூடப் போகாத புது ஃபிளாட்டை வாங்க எதற்குப் புரோக்கர்? பில்டரே பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கிறார். சைட்டில் ஏசி ஆபீஸ் போட்டு, டை கட்டிய பையன்களை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார். பழைய வீடென்றால் ஓனரைத் தேடிப் பிடிக்கவும் அண்ணன் தம்பி தகராறை விசாரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். புது வீட்டுக்கு நாமே போய், நாமே பார்த்து, நாமே வாங்க வேண்டியதுதானே? தாம்பரத்துக்குத் தெற்கே வீடு தேடும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் சனிக்கிழமை ராத்திரி வரை இப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும்.

அவரை யார் கூப்பிட்டது என்பது கடைசி வரை துலங்காது. மச்சினன் நம்பர் கொடுத்திருக்கலாம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஏதோ ஒரு வெப்சைட்டில் விரல் பட்டிருக்கலாம். அதெல்லாம் முக்கியமில்லை. அவர் வந்துவிட்டார், செருப்பை வெளியே விட்டுவிட்டார், "தண்ணி மட்டும் போதும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். இனி அவர் நம்முடையவர், நாம் அவருடைய பார்ட்டி.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சட்டைக் காலருக்குள் கர்ச்சீப். நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றும் இருக்கும். பார்ட்டி எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் வேண்டாததைத் துடைத்துக்கொள்ள வசதி. கையில் இரண்டு போன். பில்டர்களுக்கு ஒன்று, பார்ட்டிகளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் எதை எடுக்கிறார் என்பதை வைத்து அன்றைய மார்க்கெட் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். ஆதியில் குரோம்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை வாசலில் தொங்கிய 'வீடு வாடகைக்குக் கிடைக்கும்' போர்டு கடையைவிட நன்றாகச் சம்பாதித்தது. பிறகு வேன் வைத்து, பிரியாணி போட்டு, திண்டிவனம் வரை மனை காட்டிய காலம். 2016-ல் ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்து, மறு வருஷம் தமிழ்நாட்டில் அதற்கான ஆணையமும் வந்து, ஏஜென்ட்டுகளும் பதிவு செய்தாக வேண்டும் என்றபோது அவர் தொழில் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பதிவு செய்து, சான்றிதழை லேமினேட் பண்ணி, ஸ்கூட்டர் டிக்கியில் ஆர்சி புக்கோடு வைத்துக்கொண்டார். கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

அவரை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் சைட் கேட்டில் பார்க்க வேண்டும். செக்யூரிட்டி ஒரு நீள நோட்டை நீட்டுவார். பெயர், போன் நம்பர், அப்புறம் ஒரு கட்டம்: யார் மூலம் வந்தீர்கள்? நாம் பேனாவைத் தேடுவதற்குள் அந்தக் கட்டத்தில் அவர் பெயர் விழுந்திருக்கும். ஜோசியர் ஜாதகத்தில் லக்னம் போடுவதுபோல் நிதானமாக, அழுத்தி எழுதுவார். அந்த ஒரு வரியில்தான் அவருடைய முழு வருமானமும் இருக்கிறது. பார்ட்டி முதல் தடவை யாரோடு வந்தாரோ, அந்தக் கணக்கில்தான் பில்டர் ஆபீசில் ஏறும். தனியாகப் போய் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் நாம் 'நேரடி'. பிறகு அவர் தலைகீழாக நின்றாலும் கமிஷன் கிடையாது.

"இந்த சைட்டைப் போன வாரமே பாத்துட்டோமே" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

"பாத்தீங்களா? யாரோட?"

"நாங்களேதான். அந்தப் பக்கமா போனோம்."

"நம்பர் குடுத்தீங்களா சார்?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

அடுத்த அரை நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அப்புறம் தேறிக்கொண்டு, "மேடம் நம்பர் குடுக்கலையே? அப்ப மேடம் பேர்ல பாத்துக்கலாம்" என்பார்.

ஆக, அவருக்குப் படியளப்பது பில்டர். நமக்குச் செலவில்லை. இலவசம் என்றதும் குடும்பமே நிம்மதியாகிவிடும். நான் மட்டும் இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். வீடு 80 லட்சம், பில்டர் அவருக்குத் தருவது 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 1,60,000 ரூபாய். நமக்காகப் போராடி 2 லட்சம் குறைத்துக் கொடுத்தால் அவருக்கு நஷ்டம் வெறும் 4,000. அதனால் விலையைக் குறைக்க அவர் உண்மையாகவே பாடுபடுவார். அதில் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் "இந்த வீடு வேண்டாம், கிளம்புங்க" என்ற வாக்கியத்தின் விலை முழு 1,60,000. அவ்வளவு விலையுள்ள வாக்கியத்தை யார்தான் வாரி வழங்குவார்கள்?

அவருடைய தூரக் கணக்கே தனி. "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷம் சார்" என்பார். அது பந்த் அன்று விடியற்காலை, ஆம்புலன்சில் போனால். இருக்கும் ஊரைவிட வரப்போகும் ஊரை அவர் நன்றாக அறிவார். மெட்ரோ வருது, ஃபிளைஓவர் வருது, பரந்தூர் ஏர்போர்ட் வருது. ஏர்போர்ட் காஞ்சிபுரம் பக்கம்தானே, நாம் நிற்பது செங்கல்பட்டுப் பாதையாயிற்றே என்றால், "பிளேனுக்கு என்ன சார், ரோடா?" என்பார். வெள்ளத்தைக் கேட்டாலும் பதில் தயார். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டதை ஊரே டிவியில் பார்த்தது. "அது ஆத்துக்கு அந்தப் பக்கம் சார். இங்க ஒரு சொட்டு நிக்கல." அவர் காட்டும் சைட் எல்லாமே ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். அவர் கரை மாறினால் ஆறும் மரியாதையாகத் தள்ளிப் போய்விடும்.

மாடல் ஹவுசுக்குள் நுழைந்த சில நிமிஷங்களில் வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு சாரிடம் பேச்சே கிடையாது. "மேடம், இங்க வாஷிங் மெஷின். மேடம், இந்த ஜன்னல்ல நின்னா பையன் விளையாடுறது தெரியும்." கிச்சன் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, கண்ணை மூடிக் குடிப்பார். அது மாடிக்கு ஏற்றிய லாரித் தண்ணி என்பது அவருக்கும் தெரியும், பிளம்பருக்கும் தெரியும். கட்டில் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது, ரூமுக்குக் கதவை ஏன் மாட்டவில்லை, சுவரெல்லாம் எதற்குக் கண்ணாடி என்று மேடம் கேட்டால் மட்டும் போன் வந்துவிடும்.

பெரியவர் கூட வந்திருந்தால் வாஸ்து. போனில் திசைகாட்டியைத் திறந்து முள் நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். வடகிழக்கில் டாய்லெட் இருந்தால், "அது சுத்த ஈசானியம் இல்லைங்கய்யா, கொஞ்சம் வடக்குப் பாத்தாப்ல வருது" என்று போனைச் சற்றே திருப்பிப் பிடிப்பார். ஈசானியம் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போய்விடும்.

சதுர அடிக் கணக்கில்தான் அவருடைய தத்துவ ஞானம் வெளிப்படும். பிரோஷரில் 1,180 சதுர அடி என்று இருக்கும். டேப் பிடித்தால் 840 வரும். மீதி எங்கே போயிற்று? லிஃப்ட், படிக்கட்டு, நடை, வாட்ச்மேன் ரூம் எல்லாவற்றிலும் நம் பங்கு கரைந்திருக்கிறது. கார்ப்பெட் ஏரியாவைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பது ரெரா. அவரும் சொல்லிவிடுகிறார்: "நடக்கிறது கார்ப்பெட் சார், மூச்சு விடறது சூப்பர் பில்ட்-அப்."

விலை பேசும் அறைக்குள் போகுமுன் டீக்கடையில் ஒரு பாடம் நடக்கும். இது அவருடைய அசல் வித்தை. கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. "சதுர அடி ரேட்டைக் கொறைக்கச் சொல்லாதீங்க சார். கொறைக்க மாட்டான். கொறைச்சா போன மாசம் ரெண்டாவது மாடி வாங்கினவன் நாளைக்குக் காலைல வந்து நிப்பான். ரேட்டை விட்டுட்டு காரைக் கேளுங்க." கார் என்றால் கார் பார்க்கிங். காஸ்ட் ஷீட்டில் ரேட்டுக்குக் கீழே ஒரு பட்டாளமே நிற்கும்: மாடி ஏற ஏற கூடுதல், பார்க்கிங், கிளப் ஹவுஸ், ஈபி, தண்ணீர் டெபாசிட், மெயின்டனன்ஸ் முன்பணம், கார்ப்பஸ் ஃபண்ட். ரேட் கோட்டைச் சுவர். கீழே இருப்பதெல்லாம் திட்டிவாசல். எந்தத் திட்டிவாசல் எந்த மாசம் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். மார்ச் கடைசி வாரம் பில்டர் ஆபீசில் கணக்கு முடிக்கும் அவசரம். அப்போது மாடுலர் கிச்சனே கூட விழும். கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீடென்றால் ஜிஎஸ்டி கிடையாது, கட்டிக்கொண்டிருப்பதென்றால் 5 சதவீதம் என்பதையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். டை கட்டிய பையன் இதைச் சொல்லத் தேதி பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளே போனதும் ஆள் மாறிவிடுவார். சேல்ஸ் ஹெட்டிடம், "சார் நம்ம பார்ட்டி, லோன் ரெடி, இன்னிக்கே டோக்கன், பாத்துப் பண்ணுங்க." நம்மிடம் திரும்பி, "சார் நம்ம பில்டர், சொன்னா கேப்பாரு." நடுவில் லோன் ஆபீசர் தலை நீட்டினால் அவரும் "நம்ம பேங்க்". எல்லோரையும் நம்ம என்று அணைத்துக்கொள்ள அந்த அறையில் வேறு யாருக்குத் தைரியம் உண்டு? பேச்சு முட்டிக்கொள்ளும்போது போனைக் காதில் வைத்து வெளியே போவார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ மன்றாடுவது தெரியும். போன் ஸ்கிரீன் இருட்டாக இருப்பதும் தெரியும்.

அட்வான்ஸ் கட்டத்தில் சட்டம் பேசுவார். "பத்து பர்சென்ட்டுக்கு மேல அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணாம வாங்கவே கூடாது சார். ரெராவுல இருக்கு." நம் நெஞ்சு நெகிழும்போது அடுத்த வரி வரும்: "அதனால கரெக்டா பத்து குடுத்துருங்க."

நாம் சொந்தமாக வக்கீல் வைத்து மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா, பவர் எல்லாம் பார்க்கப் போகிறோம் என்றால் லேசாக மனம் நொந்துபோவார். "பேங்க்கே அப்ரூவ் பண்ணிருக்கான் சார்." பேங்க் பார்ப்பது பேங்க்கின் பணத்தை. நொந்தால் நோகட்டும், வக்கீலிடம் போங்கள். சாயங்காலத்துக்குள் அவர் சரியாகிவிடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவரை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டைத் தாண்டி, ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, இரண்டாவது டீயில் அவர் சில வாக்கியங்கள் சொல்வார். "பி பிளாக் கீழ் வீடு வேணாம் சார். கழிவுநீர் பிளான்ட் அங்கதான் வருது. பிளான்ல பச்சையா பார்க் மாதிரி போட்டுருப்பான்." இது பிரோஷரில் இல்லை. கூகுளிலும் இல்லை. இன்னொன்று, அதைவிடப் பெரிய ரகசியம், அவராகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்த பில்டர் அவருக்குக் கமிஷன் பாக்கி வைத்திருக்கிறார்? கையில் பணமுடை வந்தால் பில்டர் முதலில் இழுத்தடிப்பது புரோக்கரைத்தான். கம்பிக்காரனும் சிமென்ட்காரனும் அடுத்து. சாவிக்காகக் காத்திருப்பவர் கடைசி. "நல்ல மனுஷன்தான் சார், ஆனா நமக்கு ஆறு மாசமா வர வேண்டியது இருக்கு" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், வக்கீல் ஒப்பீனியனை மடித்து வைத்துவிட்டு வேறு சைட் பார்க்கலாம்.

ரிஜிஸ்ட்ரேஷன் அன்று சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் நம்மைவிட அவர்தான் நன்றாக உடுத்தியிருப்பார். யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பிரித்துப் போட்ட பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார். 2023 டிசம்பரிலிருந்து இரண்டையும் சேர்த்துக் கூட்டு மதிப்புக்கே பத்திரம் என்று ஆன பிறகு, இரண்டு நாள் வேலை ஒரு நாளாகிவிட்டதாம். டிபனும் ஒரு வேளை குறைந்துவிட்டதாம்.

சாவி வாங்கியதும் மறைந்துவிடுவார் என்றுதான் நினைப்போம். அதுதான் இல்லை. குளியலறைச் சுவரில் ஈரம் பூத்ததும் நாம் போன் போடுவது டை கட்டிய பையனுக்கு. அவன் அதற்குள் வேறு கம்பெனியில் வேறு டை கட்டியிருப்பான். அவன் இடத்துக்கு வந்தவன் ஃபிளாட் நம்பர் கேட்பான், மெயில் போடச் சொல்வான். புரோக்கர் மட்டும் பழைய நம்பரிலேயே இரண்டாவது ரிங்கில் எடுப்பார். "கட்டுமானக் குறைன்னா அஞ்சு வருஷம் பில்டர் பொறுப்பு சார். எழுத்துல குடுங்க, நான் சைட் இன்ஜினியர்கிட்ட பேசறேன்." பேசவும் செய்வார். இது வெறும் நல்ல மனசு என்று நினைத்து ஏமாற வேண்டாம். அந்த அபார்ட்மென்டில் நூற்றுச் சொச்சம் வீடுகள். பாதிக்கு வாடகைக்கு ஆள் வேண்டும். நாலு வருஷத்தில் கால்வாசி கை மாறும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அவருக்கு ஒரு பார்ட்டி இருக்கிறார்.

கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் தவறாமல் வருவார். ஐயருக்கு அடுத்தபடியாக வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, மொய்க்கவரில் நூற்றியொன்று வைத்துவிட்டு பால்கனிப் பக்கம் ஒதுங்குவார். வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கும். "பாத்தீங்களா மேடம்? நம்ம பார்ட்டி வீடு. உங்களுக்கும் இதே ஃபேசிங்தான், ரெண்டு மாடி மேல." ஹால், பூஜை ரூம், கிச்சன், நடுவில் பட்டுப்புடவையோடு நிற்கும் நம் மாமியார், எல்லாம் அந்த மேடத்துக்குக் காட்டப்படும். கட் பண்ணியதும் நம்மைத் தனியாகக் கூப்பிடுவார். ஏதோ பேப்பர் விட்டுப்போயிற்றோ என்று நாம் பதறிக்கொண்டு போவோம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்குத் தேதிக்கு இதுக்கு எட்டு லட்சம் மேல குடுக்க ஒரு யுஎஸ் பார்ட்டி ரெடியா இருக்காரு. நம்ம பார்ட்டிதான். பேசட்டுமா?"