மலிவு அச்சும் மலையேறும் லோரியும்

கேள்வி: பாலிங் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் சின்ன லோரியை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்ற, பழைய சாமான் கடையில் கிடைக்கும் எந்த அச்சையும் போடலாமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: போடலாம். லோரி போகுமா என்பதுதான் கேள்வி.

முன், பின் அச்சுகளின் பல்விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். சுசுகி எஸ்ஜே410-இன் அச்சு 4.11, எஸ்ஜே413-இன் அச்சு 3.73. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றொன்றும் மாட்டினால் வேகத்தில் 10 விழுக்காடு இழுபறி. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நிற்பதுபோல. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார்ச்சாலையிலோ டயர் தேயும், டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கேறி உடையவும் கூடும்.

முன் அச்சின் டிஃபரன்ஷியல் குண்டு, டிரான்ஸ்பர் கேஸின் முன்தண்டு வரும் பக்கமே இருக்கட்டும்.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியா? அதை வாங்கிய பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.