காவிரி எந்தக் கிழமை வரும்?

கேள்வி: பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு பார்க்கிறோம். வீட்டைவிட வட்டாரக் கதையைத்தான் தரகர் அதிகம் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், காசில்லாத கச்சேரி! 1898 பிளேக்குக்குப் பிறகு பக்கத்து ஃப்ரேசர் டவுன் உருவான கதை, ரிச்சர்ட்ஸ் பூங்காவின் நிழல், 1914இல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளி, எல்லாம் உண்மை. ஊரை நேசித்துப் பேசும் தரகரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கதை கேட்டு முடிந்ததும் உங்கள் முறை. காவிரித் தண்ணீர் எந்தக் கிழமை வரும்? கோடையில் டேங்கருக்கு எவ்வளவு ஆகும்? மழைநீர் தெருவில் எவ்வளவு நேரம் நிற்கும்? 2024 வறட்சியில் பெங்களூரு பட்ட பாட்டுக்குப் பின் இவைதான் முதல் கேள்விகள். “பூங்கா இரண்டே நிமிஷம் சார்” என்றால் மாமியாரைக் கூட்டிப்போய் நடந்து பாருங்கள். அவர் கால்தான் சரியான கடிகாரம். சொன்னதையெல்லாம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் ஒருமுறை விசாரியுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது.

புது அடுக்குமாடி என்றால், 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான திட்டங்களை விற்கும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும்; வசதிகளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. பதிவு எண்ணை, அந்தச் சட்டப்படி அமைந்த கர்நாடக ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பழைய பங்களா என்றால் கத்தா என்ற மாநகராட்சிச் சொத்துவரிப் பதிவும் வில்லங்கச் சான்றிதழும் வக்கீல் கைக்குப் போகட்டும்; அட்வான்ஸ் அதற்குப் பிறகு.